எங்க வூட்டுப் போட்டாவில் எல்லோரும் சிரிக்கிறோம்

தலித்துக்கு ஞாபகம் என்று ஒன்று இருந்தால் அது காயமாகத்தான் இருக்க வேண்டும் என்று தமிழ் இலக்கிய உலகம் முடிவு கட்டி ரொம்ப நாளாகிறது. ஞாபகங்களையும் சாதிவாரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அக்கிரகாரத்துக்குப் பாட்டி சுட்ட முறுக்கு, மார்கழிக் கோலம், டிகிரி காப்பி. ஊர்த்தெருவுக்கு வண்டிமாடு, கிணத்துமேட்டு வேப்பமரம், தேர்த் திருவிழா, முறைப்பெண். சேரிக்கு? சாணிப்பால், சவுக்கடி. எங்களுக்கு ஒதுக்கிய மூலையில் உட்கார்ந்து நாங்கள் அழ வேண்டும். அழுதால் 'என்ன உக்கிரம்' என்று கைதட்டுவார்கள். சிரித்தால் 'இதில் தலித்தியம் எங்கே இருக்கிறது' என்று கேட்பார்கள்.

கேட்டார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகையின் தீபாவளி மலருக்கு என்னிடம் கட்டுரை வாங்கினார்கள். பேர் வேண்டாம், எல்லாப் பத்திரிகையும் ஒன்றுதான். தீபாவளி மலர் ஆச்சே என்று எங்கள் காலனித் தீபாவளியைப் பற்றி எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. "மேடம், நல்லாத்தான் இருக்கு. ஆனா வலி இல்லியே. அந்த... அனுபவம் ஏதாவது சேர்க்க முடியுமா?" அந்த 'அந்த'வுக்குப் பிறகு அவர் இழுத்த இழுப்பில் இருந்தது சாதி. வாயால் சொல்லக் கூச்சம், எழுதி வாங்கக் கூச்சமில்லை. முடியாது என்றேன். கட்டுரை வரவில்லை. அதே மலரில் ஒரு பெரிய எழுத்தாளர் தன் அத்தை வீட்டு ஆப்பத்தையும் தேங்காய்ப்பாலையும் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். அவரிடம் யாராவது 'வலி எங்கே சார்' என்று கேட்டிருப்பார்களா?

அந்தக் கட்டுரையில் நான் எழுதியது ஒன்றும் பெரிய விஷயமில்லை. விழுப்புரம் பக்கத்தில் எங்கள் ஊரில் தீபாவளி என்றால் துணி. துணி என்றால் மேஸ்திரி கொடுக்கும் அட்வான்சு. கரும்பு வெட்டுக்குப் போகிற குடும்பங்களுக்கு வெட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே கையில் ஒரு தொகை வரும். அதில் கடைக்காரர் கடன் போக, பால்வாடி டீச்சரிடம் வாங்கின கைமாத்து போக மீதியைக் கொண்டு அம்மா ஜவுளிக்குக் கிளம்பும். ஆளுக்கொரு துணி எடுக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. ஒரே துண்டாகத் துணி கிழித்துக்கொண்டு வரும். அதில் அண்ணனுக்குச் சட்டை, எனக்குப் பாவாடை சட்டை, தம்பிக்கு டவுசர். மிச்சம் விழுந்ததில் தலகாணி உறை. தீபாவளியன்று நாங்கள் மூன்று பேரும் தலகாணியும் ஒரே பூப்போட்ட துணியில் இருப்போம். காலனியில் முக்கால்வாசி வூட்டில் இதே கதை என்பதால் எந்தப் பிள்ளை எந்த வூட்டுப் பிள்ளை என்று துணியை வைத்தே சொல்லிவிடலாம்.

இருக்கிறது ஒரு டைலர். முன்தினம் ராத்திரி அவர் கடை வாசலில்தான் பிள்ளைகள் பாதிப் பேர் கிடப்போம். "காஜா எடுத்தாச்சி, பட்டன்தான் பாக்கி" என்று சாயங்காலம் ஏழு மணியிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். மெஷின் ஓடுகிற சத்தத்திலேயே தூங்கிப்போவோம். நடுராத்திரிக்கு மேல் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். நம் பேரைக் கூப்பிட்டதும் தூக்கக் கலக்கத்தில் ஓடிப்போய் வாங்கி, அந்தப் புதுத்துணியை முகத்தில் வைத்து மோந்துகொண்டே வூட்டுக்கு நடப்பது இருக்கிறதே, அந்தக் கஞ்சி வாசனைக்கு நான் இன்றைக்கும் எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

இதில் வலி இல்லையாம். அட்வான்சு என்றால் என்ன என்று அந்த உதவி ஆசிரியருக்குத் தெரியாது. அந்தப் பூப்போட்ட துணிக்கு அப்பனும் ஆத்தாளும் பனியில் எழுந்து மாசக்கணக்கில் சோகை கிழித்த கையோடு கரும்பு வெட்டிக் கழிக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் துணியை மோந்து பார்த்தோம். கடனை நான் எழுதாமல் விட்டது மறைப்பதற்காக இல்லை. ஒரு ராத்திரியாவது அந்தத் துணி எங்கள் துணியாக இருந்தது. அந்த ராத்திரியை மேஸ்திரி கணக்கில் எழுத எனக்குச் சம்மதமில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது மாட்டுக்கறி எழுத்தில் ஏறிவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் எப்படி ஏறியிருக்கிறது பாருங்கள். ஒன்று, அவமானமாக. பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்சை மூடிக்கொண்டு சாப்பிட்ட கதை. இல்லையென்றால் அரசியலாக. மேடை போட்டு மாட்டுக்கறி விருந்து. இரண்டும் வேண்டியதுதான், நானே அப்படி மேடைகளில் பேசியிருக்கிறேன். ஆனால் ருசி எங்கே போச்சு? காலையிலேயே கூறு போட ஆரம்பித்துவிடுவார்கள். அப்பா தன் கூறை ஓலையில் கட்டிக்கொண்டு வரும். ஈரல் தனியாக வந்தால் அது அடுப்புத் தணலில் சுட்டுப் பிள்ளைகளுக்கு. போட்டியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்குவது ஆயாவின் கை. மிஞ்சின கறியை நீளநீளமாக அரிந்து மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோர்த்து வெயிலில் கட்டினால் உப்புக்கண்டம். காக்கா ஓட்டுகிற வேலை எங்களுக்கு. காக்காயைவிட நாங்கள் கிள்ளித் தின்றதுதான் அதிகம் என்று ஆயா கையில் குச்சியோடு எங்களையும் சேர்த்து ஓட்டும். ஐப்பசி மழையில் வேலை இல்லாத நாளில் அந்தக் கண்டத்தை நெருப்பில் வாட்டி, அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும். மழை எங்களுக்குப் பட்டினி என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். மழைக்கு இந்த ருசியும் உண்டு என்று எழுத எங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

(இதில் ஒன்றைச் சொல்லாமல் போனால் ஆயா விடாது. போட்டி கழுவினது பொம்பளைகள், முதலில் உட்கார்ந்து தின்றது ஆம்பிளைகள். கடைசியில் சட்டியைத் துடைத்துச் சோறு போட்டுப் பிசைந்து தின்பது ஆயாவும் அம்மாவும். "சட்டிச் சோறுதாண்டி ருசி" என்று அது சொல்லும். ருசியாகத்தான் இருக்கும், நானும் தின்றிருக்கிறேன். ஆனால் தாத்தாவுக்கு அந்த ருசி கடைசிவரைக்கும் தெரியாமல் போச்சே, ஏன்?)

இதெல்லாம் சின்ன சந்தோஷங்கள் என்பார்கள். சின்னதா? எது சின்னது எது பெரியது என்று சாதிக்காரனைக் கேளுங்கள், அவன் சரியாகச் சொல்லுவான். அவனிடம் பட்டியலே இருக்கிறது.

1928இல் இந்தூர் மாவட்டத்து ஊர்களில் பலாய் மக்களுக்குப் போட்ட கட்டளைகளை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் எடுத்து வைக்கிறார். சரிகைக் கரை போட்ட தலைப்பாகை கட்டக் கூடாது. கலர்க் கரை வேட்டி கூடாது. பொம்பளைகள் தங்கம் வெள்ளி போடக் கூடாது, அழகான பாவாடை ரவிக்கை கூடாது. அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: இந்துக்களின் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் பலாய்கள் மேளம் வாசித்தே தீர வேண்டும். 1930 டிசம்பரில் நம் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்க வெள்ளி நகை கூடாது. வேட்டி முட்டிக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வைக்கக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஆண்களுக்குக் குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் எட்டு பதினொன்றாக வளர்ந்தது. அதில், கல்யாணத்துக்கு மேளதாளம் கூடாது, மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது, பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொள் என்று இருக்கிறது. இந்தூரில் அவன் கல்யாணத்துக்கு நாம் மேளம் அடிக்காமல் இருக்கக் கூடாது, இராமநாதபுரத்தில் நம் கல்யாணத்துக்கு மேளம் இருக்கக் கூடாது. இரண்டு ஊரும் ஆயிரம் மைல் தூரத்துக்கு அப்பாலும் இப்பாலும் இருக்கின்றன. கலந்து பேசிக்கொண்டு போட்டார்களா என்ன?

ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா ஊரில் நடந்ததை 1936இல் எழுதுகிறார் அம்பேத்கர். தீர்த்த யாத்திரை போய் வந்த ஒரு தீண்டப்படாதவர் தன் சாதி சனத்துக்கு விருந்து வைத்தார். பலகாரத்தில் நெய் சேர்த்தார். பந்தி நடக்கும்போதே தடிகளோடு நூற்றுக்கணக்கில் வந்து சோற்றைக் கெடுத்து, தின்றுகொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். யார் நெய்யையும் அவர் திருடவில்லை. காசு கொடுத்து வாங்கின நெய். நெய் தின்னும் யோக்யதை உனக்கு ஏது என்பதுதான் வழக்கு.

இந்தப் பட்டியல்களை இன்னொரு தரம் படியுங்கள். பூ, குடை, செருப்பு, கிராப்பு, சரிகைக் கரை, நெய், மேளம், குதிரை. நிலத்தைப் பிடுங்கினான், கூலியைப் பிடுங்கினான், அது வேறு கணக்கு. இந்தக் கணக்கில் அவன் எடுத்துக்கொண்டது ஒரு மனுசி கண்ணாடி முன்னால் நிற்கிற இரண்டு நிமிஷத்தை. ஒரு மாப்பிள்ளை ஒரு சாயங்காலம் மட்டும் உயரமாக உட்கார்ந்து போவதை. அடிமைக்கு வயிற்றுப்பசி இருக்கலாம், அதை வைத்து வேலை வாங்கலாம். ஆசை இருந்தால் ஆபத்து என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் விமர்சகர்களுக்குத்தான் தெரியவில்லை.

பழைய கதை என்று தள்ள முடியாது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து நிமிர்ந்த ஊர் அது. போலீஸ் உடைத்ததைப் பாருங்கள்: டிவி, பேன், டேப்ரெக்கார்டர், பாத்திரம் பண்டம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனிகளிலும் கொளுத்துவதற்கு முன்னால் பீரோவை உடைத்தார்கள், நகை பணத்தைச் சூறையாடினார்கள். வண்டிகளை எரித்தார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவனின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். 1930இல் செருப்பு, 1995இல் டேப்ரெக்கார்டர், 2025இல் புல்லட். பொருள் மாறுகிறது, எரிச்சல் ஒன்றுதான்.

எங்கள் வூட்டில் ஒரு போட்டா இருக்கிறது. அம்மா கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்து விழுப்புரம் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. பின்னால் திரையில் ஏரி, அன்னம், மாடிப்படி. தாத்தா நாற்காலியில். காலை ஒரு முழம் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஏன் என்று கேட்டால் அம்மா விழுந்து விழுந்து சிரிக்கும். ஊர்த்தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்த மனுசன் அது. போட்டாக்காரரிடம் "செருப்பு வுழுமா, செருப்பு வுழுமா" என்று மூணு தரம் கேட்டதாம். "விழும் பெரியவரே, அசையாதீங்க" என்றாராம். அந்தச் சிரிப்பை அடக்க முடியாமல்தான் போட்டாவில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா மட்டும் சிரிக்காமல் கேமராவை முறைக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். உற்றுப் பார்த்தால் மீசைக்குக் கீழே அதுவும் சிரிக்கிறது. இந்தப் போட்டாவை வலி என்று எழுதுவதா, சந்தோஷம் என்று எழுதுவதா? இரண்டு டப்பாவும் எனக்கு வேண்டாம்.

நம் எழுத்தில் இது இல்லாமலும் இல்லை. படிக்கிறவர்கள் கண்ணில்தான் பூ விழுந்திருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. விளையாட்டும் கேலியும் பாட்டும் திருவிழாவும் நிறைந்த புத்தகம் அது. கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏழெட்டு இடங்களையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள், எல்லாம் அழுகிற இடங்கள். 1996இல் அவர் 'கிசும்புக்காரன்' என்றே ஒரு தொகுப்புக்குப் பெயர் வைத்தார். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திர'த்தைச் சிரிக்காமல் படித்து முடித்தவர் யாராவது உண்டா? புதுச்சேரிப் பக்கத்து வீரம்மாவின் வாழ்க்கையை ராசின் தம்பதியர் கேட்டு எழுதினார்கள். 1995இல் பிரெஞ்சில் வந்தபோது தலைப்பிலேயே அடிமைப்பட்டோரின் சிரிப்பு என்று இருந்தது. 1997இல் ஆங்கிலத்துக்குப் போனபோது சிரிப்பு கழன்று விழுந்துவிட்டது, தீண்டப்படாதவள் என்பது அட்டையில் ஏறிக்கொண்டது. அந்தக் கிழவி சிரித்த சிரிப்பை யார் விழுங்கினார்கள்? சந்தை விழுங்கியது என்று நான் சொல்லுவேன்.

இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும், அதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 'பாத்தீங்களா, அவங்களே சொல்றாங்க, அந்தக் காலத்துல அவங்களும் சந்தோஷமாத்தான் இருந்தாங்க.' பண்ணையார் வீட்டுப் பேரன்கள் எழுதுகிற கிராமத்து நினைவுகளில் இந்தக் குரல்தான். பொங்கலன்று வாசலில் வந்து நின்று படிநெல் வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு போன எங்கள் தாத்தா அவர்கள் கட்டுரையில் 'விசுவாசமான ஆள்'. ஐயா, அந்தச் சிரிப்பு உங்களுக்குக் காட்டின சிரிப்பு. உங்கள் வாசலோடு அது முடிந்துவிடும். காலனிக்குத் திரும்பின பிறகு ராத்திரி நிலா வெளிச்சத்தில் தாத்தா தோளில் துண்டைப் போட்டு, தொப்பையைத் தள்ளி, மூக்கால் பேசி உங்கள் தாத்தாவைப் போலவே நடந்து காட்டும். தெருவே உருண்டு சிரிக்கும். எங்கள் சந்தோஷம் அங்கே இருந்தது. நீங்கள் கொடுத்ததில் இல்லை, உங்களுக்குத் தெரியாமல் நாங்கள் எடுத்துக்கொண்டதில் இருந்தது. அதைக் காட்டி உங்கள் ஊருக்கு நற்சான்றிதழ் எழுதிக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

நம் தோழர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. காலனியில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டினால் நுகர்வுக் கலாச்சாரம். கல்யாணத்துக்கு சீரியல் செட்டு போட்டு, முச்சந்தியில் பேனர் கட்டினால் ஆடம்பரம். தீபாவளிக்குப் புதுத்துணி போட்டால் அசுரனைக் கொன்றதற்குச் சந்தோஷமா என்று ஒரு வகுப்பு. வகுப்பு எடுக்கிறவர் வீட்டில் போன மாசம்தான் மகளுக்கு மண்டபம் பிடித்து விருந்து நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர் இதில் ரொம்பத் தெளிவாக இருந்தார். தீபாவளி எள்ளெண்ணெய் கண்டுபிடித்ததை ஒட்டி வந்த பௌத்தப் பண்டிகை என்று 'தமிழன்' இதழில் எழுதினார். விட்டுத் தொலை என்று சொல்லவில்லை, அது உன்னுடையது என்று சொன்னார். அவர் சொன்ன வரலாறு சரியா என்று ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். சனங்களின் கையிலிருக்கும் மத்தாப்பைப் பிடுங்காமல் பேசத் தெரிந்திருந்தது அவருக்கு.

அம்பேத்கரையும் நாம் கோட்டும் புத்தகமும் சுட்டுவிரலுமாக நிறுத்திவிட்டோம். அந்த மனிதர் வயலின் கற்றுக்கொண்டார். நாய் வளர்த்தார். பவுண்டன் பேனாவின் மேல் பைத்தியமாக இருந்தார். 1942 நாக்பூர் பேச்சைக் 'கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர்' என்று சுவரில் எழுதுகிறோம். அதே பேச்சில் இந்தப் போராட்டம் தனக்கு மகிழ்ச்சி தரும் காரியம் என்று சொன்னாரே, அதை எந்தச் சுவரிலும் பார்த்தேனில்லை. ஏப்ரல் 14 வந்தால் எங்கள் காலனிப் பெண்கள் கேக் வெட்டி, நீலப் புடவை எடுத்து, பறையடிக்கு நடுத்தெருவில் ஆடுகிறார்கள். சாவு வீட்டில் அடிக்க விதித்த பறை அது. மைக் செட் அனுமதிக்கு ஸ்டேஷனுக்கு அலையாத வருஷம் இல்லை. தோழர்கள் மேடையிலிருந்து இறங்கி வந்து அந்த அனுமதி மனுவில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

ஒரு வேலை இருக்கிறது, அவசர வேலை. ஆயா போய்விட்டது. அதன் வயதுக்காரர்கள் எங்கள் தெருவில் நாலு பேர்தான் மிச்சம். நாம் டேப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் எப்போதும் ஒன்றையே கேட்கிறோம்: 'உங்களுக்கு என்ன கொடுமை நடந்தது, சொல்லுங்க.' அவர்களும் சொல்லுகிறார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும், அது சாட்சியம். கூடவே வேறு கேள்விகளையும் கேளுங்கள். முதன்முதலில் வாங்கிய புடவை என்ன கலர்? பெண் பார்க்க வந்தபோது எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையை எட்டிப் பார்த்தீர்கள்? எந்தக் கூத்துக்கு எத்தனை மைல் நடந்தீர்கள்? கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தில் எது இன்னும் உடையாமல் இருக்கிறது? எழுதி வாங்கி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் பரவாயில்லை. வலி சேர்த்து அனுப்பும்படி இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் அம்மாவிடம் முதலில் பார்த்த சினிமாவைப் பற்றிக் கேட்டேன். படத்தின் பேர் மறந்துபோச்சாம். டெண்டுக் கொட்டகை, தரை டிக்கெட்டு, மணலைக் குவித்து உயரமாக்கி உட்கார்ந்தது, பின்னால் இருந்தவன் திட்டினது, இடைவேளையில் மாமா வாங்கித் தந்த முறுக்கு, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. "ஊர்க்காரங்களும் அங்கதான் உக்காருவாங்களா?" என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது: "பின்ன? இருட்டுல எவன் பக்கத்துல எவன் உக்காந்தான்னு எவனுக்குடி தெரியும்? லைட்டு போட்டப்புறம்தான் அவனவன் துண்ட ஒதறிக்கினு எழுந்திரிப்பான். அதுக்குள்ள நான் முறுக்கத் தின்னுட்டு அவன் மணலு மேலதான் கையத் தொடச்சிருப்பேன்."